பாக்கு வைத்த குதிரை

அந்த வாரம் முழுக்க அழகுமலை வீட்டில் அடுப்பு எரிந்தது குதிரைக்காகத்தான். காலையில் கொள்ளு வேகும். அது இறங்கியதும் நொச்சித்தழை போட்ட தண்ணீர் ஏறும். பிறகு கல் உப்பை வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடத்துக்குக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து மனிதர்களுக்கு உலை வைக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். அமுதவல்லி முணுமுணுக்காமல் செய்தாள் என்று சொன்னால் அது பொய். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தாள். ஆனால் வாய் என்ன சொன்னாலும் அவள் கை ஒரு குறை வைக்காது.

குதிரையின் பெயர் மைனா. செவலைப் பெட்டை, நெற்றியில் விரலகல வெள்ளை. ஒரு காலத்தில் மணமேல்குடி ரோட்டிலும் ஆவுடையார்கோவில் ரோட்டிலும் பெரிய குதிரை வண்டிப் பந்தயம் என்றால், மைனா வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வண்டியை எடுப்பார்கள். அறந்தாங்கிக் கடைத்தெருவில் அழகுமலையைத் தெரியாதவர்களுக்கும் மைனாவைத் தெரியும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவரை "இவருதான் மைனா வீட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டார்கள். "அப்ப நான் யாராம்?" என்று அமுதவல்லி வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அழகுமலைக்கு அந்தப் பேச்சு பல நாள் இனித்தது.

அந்த மைனாவுக்குப் போன வருசம் மாசியில் வலது முன்னங்காலின் பின்நரம்பு இழுத்துக்கொண்டது. வயலில் மேயவிட்டிருந்தபோது வரப்பில் கால் மடங்கியதுதான். கணுவுக்கு மேலே வாழைப்பூ மாதிரி வீங்கிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். "வயசும் ஆகிப்போச்சு. இனிமே இதை வண்டியில பூட்டாதீங்க. வச்சுத் தீனி போடுறதுன்னா தாராளமாப் போடுங்க. ஓட்டுனா நரம்பு அத்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழகுமலைக்கு ஒரு குணம் உண்டு. அவரைக் கஞ்சன் என்று சொல்லுங்கள், வாயாடி என்று சொல்லுங்கள், கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரியாதவர் என்று கூடச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே டீ குடிப்பார். அவர் குதிரை நொண்டுகிறது என்று மட்டும் ஒருவர் சொல்லிவிடக் கூடாது. ஆகவே மைனாவுக்குக் கால் போன விஷயம் வீட்டுக்கும் டாக்டருக்கும் துணைச் சாரதி சூசைராஜுக்கும் தவிர வெளியில் தெரியாது. கேட்டவர்களிடம், மகள் ரஞ்சிதாவின் கல்யாண வேலையில் பந்தயத்துக்குப் போக ஒழியவில்லை என்றார். கல்யாணம் முடிந்து அவள் காரைக்குடிக்குப் போன பிறகும் அதையேதான் சொன்னார். கண்மாய்க்குக் குளிப்பாட்டக் கூட்டிப்போனால் ரோட்டு வழி போகாமல், யார் கண்ணிலும் படாத கருவேலங்காட்டு வழியாகப் போவார். ஒரு நோஞ்சான் பிள்ளையை ஊருக்குக் காட்டாமல் வளர்ப்பது போலத்தான் அந்தக் குதிரையை ஒரு வருசத்துக்கு மேல் வளர்த்தார்.

அப்படி இருந்த மனிதரைக் கிளப்பிவிட்டது சூசைராஜ் கொண்டுவந்த நோட்டீஸ். நோட்டீஸ் என்றால் காகிதம் இல்லை. அவன் போனில் வந்தது.

"காரவயல் அய்யனாருக்குப் புரவியெடுப்பு வருதுண்ணே. பந்தயம் வைக்கிறாங்க. பெரிய குதிரை, நடுக்குதிரை, அப்புறம் மூத்த குதிரை."

"அதென்னப்பா மூத்த குதிரை?" என்றாள் அமுதவல்லி.

"நோட்டீஸ்லதான் மூத்த குதிரைக்கா. எல்லாரும் கெழட்டுக் குதிரைப் பந்தயம்னுதான் சொல்றாங்க. வயசானது, கால் தளந்தது, முன்ன மாதிரி ஓடாதது. அதுகளுக்குள்ள ஒரு பந்தயம். எல்லாம் ஒரே கோட்டுல நிக்காது. பல்லப் புடிச்சுப் பாப்பாங்க, நடக்கவிட்டுப் பாப்பாங்க. ரொம்ப முடியாததுன்னா முன்னாடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு நிறுத்துவாங்க. தெம்பா இருக்கிறது பின்னாடி நிக்கும்."

"நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு."

"இன்னும் கேளுக்கா. போன வருசம் ஒருத்தன் நல்லா ஓடுற குதிரையக் கொண்டாந்து, நொண்டுற மாதிரி நடக்கப் பழக்கி, முன்கோட்ட வாங்கிக்கிட்டு ஜெயிச்சிட்டுப் போயிட்டான். அதனால இந்த வருசம் ஆத்மநாதன் வாத்தியாரு ஒரு சட்டம் போட்டுட்டாரு. இந்தப் பந்தயத்துக்கு வார குதிரை எதையும், பந்தயத்துக்கு வந்த வேற குதிரைக்காரரு வெலைக்குக் கேக்கலாம். கமிட்டி வச்சதுதான் வெலை. கொடி விழுகிறதுக்குள்ள தாம்பாளத்துல பாக்கு வச்சிட்டா, கொடி விழுந்த நிமிசத்துலேருந்து குதிரை அவருது. ஓட்டுறது மட்டும் பழைய ஆளு. பரிசும் அவருக்கே. குதிரை போயிரும்."

ஆத்மநாதன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கமிட்டித் தலைவர். நல்ல குதிரையை மட்டப் பந்தயத்தில் இறக்கினால் குதிரையே கைவிட்டுப் போகும் என்றால் எவன் ஏமாற்றுவான் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நொண்டுகிற குதிரையை நொண்டாததாகக் காட்டுகிற ஒரு கிறுக்கும் நாட்டில் இருக்கும் என்று வாத்தியார் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

 அழகுமலை எழுந்துபோய் மைனாவின் பிடரியை விரலால் கோதிவிட்டுக்கொண்டு நின்றார். அமுதவல்லிக்கு அந்த நிற்பு தெரியும்.

"என்னங்க, மனசு அங்கிட்டுப் போகுதாக்கும்?"

"ஒரே ஒரு தடவ புள்ள. அதுக்கும் ஒரு மரியாத வேணும்ல. ஓடி ஜெயிச்சிட்டு ஒக்காந்துச்சுன்னு இருக்கட்டும். வரப்புல விழுந்து மூலையில கெடந்துச்சுன்னு இருக்க வேணாம்."

"மரியாத அதுக்கா, ஒங்களுக்கா?"

 சூசைராஜ் தரையைப் பார்த்தான்.

அன்று தொடங்கியதுதான் ஒத்தடமும் பத்தும். காலையில் கண்மாயில் எஞ்சிக் கிடந்த தண்ணீரில் முழங்கால் நனைய மைனாவை நிறுத்திவைப்பார். வந்ததும் உப்பு ஒத்தடம். சாயங்காலம் புளியும் செம்மண்ணும் குழைத்துப் பத்து. ஆனிக் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டியது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குதிரையின் காலடியிலேயே குந்தியிருந்தார். வீக்கம் வடிந்தது. நடை தெளிந்தது. நரம்பின் தடிப்பு மட்டும் விரலுக்குத் தெரிந்தது. அதற்குமேல் சிவப்பு வாரைச் சுற்றிக் கட்டிவிட்டால் பார்க்க ஒரு குறையும் இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அமுதவல்லி எதிரில் உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்பு. அவருக்குப் பிடித்த குழம்பு வைத்தால் ஏதோ பேசப்போகிறாள் என்று அர்த்தம்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் தடுக்கல. ஒண்ணு மட்டும் கேளுங்க."

"சொல்லு."

"நாளைக்கு வெள்ளன பத்து, ஒத்தடம் எதுவும் வேணாம். கண்மாயிலயும் நிறுத்த வேணாம். அது எப்படி நடக்குதோ அப்படியே கமிட்டிக்கு முன்னாடி நடக்கவிடுங்க. நொண்டுறத நொண்டுறபடியே காட்டுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி கோடு போடுவாங்க. மெதுவாப் போனாலே போதும். நொண்டிக் குதிரைக்கு எவனும் பாக்கும் வைக்க மாட்டான். ஓடுன மாதிரியும் ஆச்சு, நம்ம வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரியும் ஆச்சு."

அழகுமலை உருண்டையைக் கையில் வைத்தபடி இருந்தார். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் காரவயல் ரோட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், மைனா தலையை ஆட்டி ஆட்டி நொண்டி நடப்பதையும், போன் வைத்திருப்பவன் எல்லாம் அதைப் படம் பிடிப்பதையும் நினைத்தபோது உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"பாப்பம்" என்றார்.

அவர் "பாப்பம்" என்றால் மாட்டேன் என்று பொருள். அமுதவல்லி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "நானும் வாரேன் நாளைக்கு" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

விடிந்ததும் பத்தும் ஒத்தடமும் கண்மாயும் எல்லாம் நடந்தன. மைனாவைக் குட்டியானை லாரியில் ஏற்றி, தண்ணீர் டிரம்மும் வைக்கோலும் போட்டு, அமுதவல்லி பின்னாலேயே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பந்தய வண்டியைச் சூசைராஜ் வேறொரு வண்டியில் கொண்டுவந்தான்.

காரவயலில் எள் போட இடமில்லை. அய்யனாருக்கு எடுக்கச் சுட்டு வண்ணம் பூசிய மண் குதிரைகள் வரிசையாக, அவற்றைச் செய்த வேளார் வீட்டு வாசலில் மாலையோடு நின்றன. ரோட்டின் இரண்டு பக்கமும் பைக்குகள். பதநீர், வெள்ளரிப்பிஞ்சு, சர்பத், பொரித்த கோழி. மைக் செட்டில் ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறுவதற்குள் நடை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வந்திருந்த மூத்த குதிரைகளைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருந்தது. ஒன்றுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. ஒன்று முதுகு குழிந்து நின்றது. குளத்தூர்ப் பக்கமிருந்து வந்த வெள்ளைக் குதிரை ஒன்று நடக்கும்போதே இருமியது. அதனதன் சொந்தக்காரர்கள் அதனதன் குறையைப் பெரிதாக்கி வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், முன்கோடு கிடைக்கும் என்று.

மைனா வந்தது. வாத்தியார் பல்லைப் பிடித்துப் பார்த்தார். "பல்லு தேஞ்சிருக்கு. வயசு ஆயிருச்சு. வேற ஏதும் உண்டாப்பா?"

அமுதவல்லி புருசனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வயசு மட்டுந்தாங்க" என்றார் அழகுமலை.

"நடக்கவிடு."

மைனா நடந்தது. சனத்தைப் பார்த்ததும் அதற்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது போல. கழுத்தைத் தூக்கி, காதை நிமிர்த்தி, கால் மாற்றிக் கால் மாற்றி, ஒரு பிசகில்லாமல் போய்த் திரும்பியது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "மைனாடா, மைனா" என்று இளவட்டங்கள் போனைத் தூக்கினார்கள். அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருசத்து ஒளிவுமறைவெல்லாம் தீர்ந்த மாதிரி இருந்தது. வாத்தியார் சிரித்துக்கொண்டே, எல்லாக் குதிரைக்கும் பின்னால் இருந்த கோட்டைக் காட்டினார்.

பூட்டு வாரைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது மைக் சொன்னது: "மைனா குதிரைக்குப் பாக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவர் கோட்டைப்பட்டினம் யாக்கூப்."

அழகுமலையின் கை வாரிலேயே நின்றுவிட்டது. சூசைராஜ் "அண்ணே" என்று மட்டும் சொன்னான். அமுதவல்லி டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். மொண்ட தண்ணீரைத் திரும்ப டிரம்மிலேயே ஊற்றினாள்.

யாக்கூப் கோட்டைப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனி வைத்திருப்பவன். சவுதியில் இருந்துவிட்டு வந்தவன். அவன் குதிரையை மைனா எத்தனையோ தடவை பின்னால் விட்டிருக்கிறது. அதில் அவனுக்குக் கோபம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வந்து மைனாவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "கொடுக்கிறதுன்னா எங்கிட்டச் சொல்லுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போவான். இன்றைக்கு ஒரு கிழட்டுக் கறுப்புக் குதிரையை அவன் கொண்டுவந்ததே இதற்காகத்தானோ என்று இப்போது தோன்றியது.

"போய்ச் சொல்லுங்க" என்றாள் அமுதவல்லி. "இப்பவே போய்ச் சொல்லுங்க. தெரிஞ்ச புள்ளதானே. காலு முடியாதுன்னு சொன்னா பாக்கை எடுத்துக்கும்."

அழகுமலை போனார். யாக்கூப் ஒரு வேப்பமரத்து நிழலில் சர்பத் குடித்துக்கொண்டு நின்றான். இவரைக் கண்டதும் தம்ளரை வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். ஆசப்பட்டுட்டேன். எத்தன வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"கோவமெல்லாம் இல்ல மாப்ள. ஒரு வார்த்த சொல்லணும்." அழகுமலை சுற்றிலும் பார்த்துக் குரலைத் தணித்தார். "அதுக்குக் காலு சரியில்ல. வலது முன்னங்காலு, பின்நரம்பு. போன வருசம் மாசியிலேருந்து. டாக்டரு பூட்டவே கூடாதுன்னாரு."

யாக்கூப் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"நடை பாத்தேனே மச்சான். நானும் குதிரை வச்சிருக்கவன்தானே."

"பத்துப் போட்டு, தண்ணியில நிறுத்தி வீக்கத்த எறக்கியிருக்கேன் மாப்ள. சத்தியமாச் சொல்றேன்."

"காலு முடியாத குதிரையப் பூட்டுற ஆளா நீங்க?"

அழகுமலை மைனா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குடுக்க மனசு வரல, அதான் இப்படிப் பேசுறீங்க. எனக்குப் புரியாம இல்ல" என்றான் யாக்கூப். "தொட்டுப் பாத்துருவேன். ஆனா பாக்கு வச்சவன் கொடி விழுகிறவரைக்கும் குதிரையத் தொடக்கூடாதுன்னு வாத்தியாரு சொல்லிட்டாரு. ஒண்ணு செய்யுங்க மச்சான். நீங்க சொல்றது நெசம்னா, அந்தா மைக்கு இருக்கு. போய்ச் சொல்லுங்க. என் குதிரைக்குக் காலு முடியாது, நடை பாக்கும்போது மறைச்சிட்டேன், பந்தயத்துலேருந்து எடுத்துக்கிறேன்னு. சொன்னா நானே போய்ப் பாக்கை எடுத்துக்கிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

மைக் மேடை பத்தடியில்தான் இருந்தது. படுதா கட்டிய கொட்டகை. வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாம்பாளம், அதில் பாக்கு. அழகுமலை அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தார். மைக்காரர் அப்போது பார்த்துத்தானா அதைச் சொல்ல வேண்டும்: "இதோ நம்ம மாவட்டமே கொண்டாடிய மைனாவின் சாரதி, அழகுமலை அண்ணன் வந்துகொண்டிருக்கிறார்." கூட்டம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். அழகுமலை கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு திரும்பி நடந்துவிட்டார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் அமுதவல்லி.

"நம்ப மாட்டேங்கிறான் புள்ள."

பொய் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் மைனாவின் பக்கம் திரும்பி, ஈரத் துணியால் அதன் மூக்கையும் கண்ணோரத்தையும் துடைத்துவிட்டாள்.

கொடி விழுந்தது.

அந்த நொடியில் மைனா யாக்கூப்பின் குதிரை ஆகிவிட்டது. அழகுமலை ஓட்டியது இன்னொருத்தர் குதிரையை. அப்படி அவர் நினைக்கக்கூட நேரமில்லை. முன்கோட்டுக் குதிரைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. சூசைராஜ் கொஞ்ச தூரம் கூடவே ஓடி, வண்டியில் தாவி ஏறினான். மைனா தானாகவே எடுத்தது. சாட்டை வேண்டியிருக்கவில்லை. இருமிக்கொண்டிருந்த வெள்ளைக் குதிரையைத் தாண்டியது. முதுகு குழிந்ததைத் தாண்டியது. எல்லைக்குப் போய், அங்கே நின்ற ஆளிடம் கொடியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, முன்னால் இரண்டு வண்டிகள்தான் மிச்சம். காற்று முகத்தில் அடித்தது. அழகுமலைக்கு வயதே இல்லாமல் போய்விட்டது.

திரும்பி வரும் வழியில், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துவாரியின் மேல் ஒரு பாலம். பாலத்தில் ஏறும்போது குளம்புச் சத்தம் மாறியது. சீராக விழுந்த அடியில் ஒன்று மட்டும் லேசாக விழுந்தது. கடிவாளக் கயிறு அவர் உள்ளங்கையைச் சுண்டியது. மைனாவின் தலை மேலே போய்க் கீழே வந்தது.

"அண்ணே" என்றான் சூசைராஜ். "தலை ஆடுது."

"தெரியுது."

"நிறுத்துவமாண்ணே?"

நிறுத்தியிருக்கலாம். கயிற்றை இழுத்தால் நிற்கிற குதிரைதான் அது. நிறுத்தினால், பாக்கு வைத்தவனுக்குக் குதிரை போய்விட்டதே என்று பொறாமையில் கெடுத்துவிட்டான் என்று ஊர் சொல்லும் என்று அவருக்குள் ஒரு பேச்சு ஓடியது. அது சாக்கு. அவருக்கே அது சாக்கு என்று தெரிந்தது. முன்னால் போன இரண்டு வண்டிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ரோட்டின் இரண்டு பக்கமும் சனம் மைனா, மைனா என்று கத்தியது.

"தட்டுடா" என்றார்.

சூசைராஜ் தட்டவில்லை. அழகுமலையே அவன் கையிலிருந்து சாட்டையை வாங்கித் தட்டினார். மைனா தலையை ஆட்டிக்கொண்டே ஓடியது. ஒரு வண்டியைத் தாண்டியது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் யாக்கூப்பின் கறுப்புக் குதிரையையும் தாண்டியது. முதலாவதாகக் கோட்டைக் கடந்து, இன்னும் கொஞ்சம் ஓடி, பிறகு வலது முன்னங்காலைத் தரையில் ஊன்ற மாட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. வியர்வை வயிற்றிலிருந்து சொட்டியது. சத்தம் எதுவும் போடவில்லை.

கூட்டம் முதலில் ஆரவாரம் செய்துகொண்டு ஓடி வந்தது. கிட்டே வந்ததும் அடங்கிப்போய்விட்டது. அமுதவல்லி தண்ணீர் வாளியோடு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். மைனாவைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு, நேரே போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சூசைராஜ் பூட்டைக் கழற்றி, வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டு, ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

யாக்கூப் வந்தான். இப்போது அவன் தொடலாம். குனிந்து, சிவப்பு வாரை மெல்லச் சுற்றி அவிழ்த்தான். விரலை வைத்தவுடன் எடுத்துவிட்டான்.

"அல்லாவே" என்றான் மெதுவாக. "நெருப்பா இருக்கு."

புதுக்காயத்துக்கு அடியில் பழைய தடிப்பும் அவன் கைக்குத் தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தான். அழகுமலை அந்தப் பார்வைக்காகவே காத்திருந்தவர் மாதிரிப் பேசினார்.

"நான்தான் சொன்னேன்ல மாப்ள. சொன்னேனா இல்லியா? இது இனிமே ஓடாது. ஒங்களுக்கு என்னத்துக்கு இது. பாக்கை எடுத்துக்கங்க. நான் கூட்டிட்டுப் போயிடுறேன். வச்சுத் தீனி போட்டுக்கிறேன்."

 யாக்கூப் வாரை மடித்துக்கொண்டே நின்றான்.

"ஓடாட்டி இருந்துட்டுப் போகுது மச்சான். ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி தோப்பு இருக்கு, நெழல் இருக்கு. கெடக்கட்டும்."

"அதுக்கு இல்ல மாப்ள. நம்ம வீட்டுல பழகுன குதிரை. அமுதா கையால தின்னு பழகுனது."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"ஒங்ககிட்ட இருந்தா மறுபடியும் பூட்டுவீங்க மச்சான்."

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதற்குப் பதில் அவன் ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று அழகுமலைக்கு இருந்தது. அந்தக் குதிரைக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். மழையில் அதற்குச் சாக்கைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்திருக்கிறார். அதன் சாணம் அள்ளாமல் ஒரு பொழுது விடிந்ததில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. யாரிடம் சொல்வது? தெரிந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு அமுதா. நம்ம குதிரைன்னு சொல்லு. ஒன் வார்த்தைக்கு மாப்ள கட்டுப்படுவாரு."

அமுதவல்லி குதிரையின் கழுத்திலிருந்து முகத்தை எடுத்தாள். கன்னத்தில் செவலை மயிர் ஒட்டியிருந்தது.

"ஒண்ணு கேக்குறேன். எந்த எடத்துல தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு, காலு போனது?"

கோட்டுக்கிட்ட வந்தப்பதான் என்று சொல்லியிருக்கலாம். சூசைராஜ் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டான். வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை காலமாக அவளிடம் மறைத்தது எதுவும் நிலைத்ததில்லை. கொடி விழுவதற்கு முன்னால் முகம் பார்க்காமல் சொன்னதும் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

"பாலத்துல" என்றார்.

அமுதவல்லி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வந்தார்கள். இங்கிருந்து பார்த்தால் பாலம் தெரியாது. ரோடு நேராகப் போய், ஒரு தைலமரக் காட்டுக்குள் திரும்பி, அதற்கும் அப்பால் எங்கேயோ இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை தூரம், அத்தனை தூரமும் அந்தக் காலோடு ஓடியிருக்கிறது என்பது அவள் முகத்தில் ஓடியது. அழகுமலையும் அதே ரோட்டைத்தான் பார்த்தார். வேறு எதைப் பார்க்க.

பிறகு அவள் மைனாவின் தலைக்கயிற்றைத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு அதைப் பிரித்து, யாக்கூப்பிடம் நீட்டினாள்.

"தம்பி, ரோட்டுப் பக்கமாக் கட்டாதீங்க. வேற குதிரை ஓடுற சத்தம் காதுல விழுந்தா இதுக்கு இருப்புக் கொள்ளாது. முடியுதோ முடியலையோ, கெளம்பப் பாக்கும். உள்ள தள்ளி, சத்தம் கேக்காத எடமாப் பாத்துக் கட்டுங்க."

"சரிக்கா" என்றான் யாக்கூப். கயிற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மைனாவை யாக்கூப்பின் வண்டியில் ஏற்றுவதற்கு ஆறேழு பேர் தேவைப்பட்டார்கள். தூக்கிய காலோடு அது பலகையில் ஏற முடியாமல் தடுமாறியபோது, அழகுமலை தன்னை மறந்து பின்னால் போய்த் தோள் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை. ஏறியதும் அது ஒரு தடவை திரும்பி அமுதவல்லி நின்ற பக்கம் கனைத்தது. வண்டி கோட்டைப்பட்டினம் ரோட்டில் இறங்கி, சர்பத் கடைகளைத் தாண்டிப் போனது.

பெரிய குதிரைப் பந்தயத்துக்கு ரோட்டைச் சரிசெய்ய ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் வாத்தியாரே பேசினார். "மூத்த குதிரைப் பந்தயம், முதல் கொடி, முதல் பரிசு, சாரதி அழகுமலை. மேடைக்கு வரவும்." இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். அழகுமலை சாட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அமுதவல்லி, கூட்டம் தட்டிக் கவிழ்த்திருந்த வாளியை எடுத்துக் குட்டியானை வண்டிக்குள் வைத்தாள். வைக்கோலை ஒதுக்கிவிட்டு, குதிரை நின்று வந்த இடத்திலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"கூப்பிடுறாங்கல்ல" என்றாள். "போய் வாங்கிட்டு வாங்க."

அவர் போனார்.